குழந்தையின் விளையாட்டுப் பொருள்களும் வீட்டின் தூய்மையும்

குழந்தையின் விளையாட்டுக்குத் தமிழ் இலக்கியத்திலே தனியானதோர் இடமுண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகை குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்துப் போற்றுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் அமைந்த சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்று பருவங்களும் விளையாட்டைப் பற்றியனவே. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானையும் ஊசலும் வருகின்றன. இவற்றுக்கெல்லாம் முற்பட்டது செங்கீரைப் பருவம். ஐந்தாம் மாதமளவில் குழந்தை இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம் அது. அப்பருவத்தை அடைந்த குழந்தை வேறொரு செயலையும் தொடங்கிவிடுகின்றது. கைக்கு எட்டியது எதுவாயினும் அதனை வாய்க்குக் கொண்டுபோகின்றது. கிலுகிலுப்பை, பொம்மை, தாயின் சேலைத் தலைப்பு, தகப்பனின் மூக்குக்கண்ணாடி என எதற்கும் விலக்கில்லை.

இதனைக் கெட்ட பழக்கமென்று கடிந்து கையைத் தட்டிவிடுவோர் உளர். அது தவறு. கண்ணும் கையும் நன்கு பழகாத அந்த வயதில், ஒரு பொருள் வன்மையானதா மென்மையானதா, வழவழப்பானதா சொரசொரப்பானதா என்பதைக் குழந்தை உதட்டாலும் நாவாலுமே அறிகின்றது. பல் முளைக்குங் காலத்தில் எதையேனும் கடிப்பதால் முரசுக்கு ஆறுதலும் கிடைக்கின்றது. குழந்தையின் முதற் பள்ளிக்கூடம் அதன் வாய் என்று கூறினும் பொருந்தும். அப்பள்ளிக்கூடத்தை மூடிவிடுதல் பெற்றோரின் கடமையன்று. அங்கே வந்து சேரும் பொருள்களைத் தூய்மையாக வைத்திருத்தலே அவர்களின் கடமையாகும்.

இக்கடமையை இருவகையான வீடுகள் இருவேறு விதமாகப் பிழைவிடுகின்றன. ஒரு வீட்டிலே விளையாட்டுப் பொருளைக் கழுவ வேண்டுமென்னும் எண்ணமே எழுவதில்லை. முற்றத்தில் விழுந்த பொம்மை மடியில் துடைக்கப்பட்டு மீண்டும் குழந்தையின் கையில் கொடுக்கப்படுகின்றது. மற்றொரு வீட்டிலே, புதிதாய்ப் பிறந்த பிள்ளைமீது கொண்ட பெரும் அச்சத்தினால், கடையிற் கிடைக்கும் கடுமையான மருந்துத் திரவங்கள் எல்லாம் நாள்தோறும் பொம்மைகள்மீது ஊற்றப்படுகின்றன. அவற்றின் மணம் அறை முழுவதும் பரவினால் வீடு தூய்மையடைந்துவிட்டது என்று அவ்வீட்டார் மனநிறைவு கொள்கின்றனர். முதல் வீட்டுக் குழந்தைக்குக் கிருமியால் ஆபத்து. இரண்டாம் வீட்டுக் குழந்தைக்கோ கிருமியைக் கொல்ல வந்த பொருளாலேயே ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடையிலே எளிதான, செலவு குறைந்த வழியொன்று இருக்கின்றது.

அவ்வழியை அறிவதற்கு இரண்டு சொற்களின் வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஒன்று கழுவுதல், மற்றொன்று தொற்றுநீக்கல். கழுவுதலென்பது அழுக்கையும் எச்சிலையும் எண்ணெய்ப் பசையையும், அவற்றோடு ஒட்டியிருக்கும் கிருமிகளையும் பொருளினின்றும் அகற்றுதல். தொற்றுநீக்கலென்பது அகலாமல் எஞ்சி நிற்கும் கிருமிகளை வெப்பத்தினாலோ இரசாயனப் பொருளினாலோ அழித்தல். வீட்டில் நலமாயிருக்கும் குழந்தையின் விளையாட்டுப் பொருளுக்கு வழக்கமாக வேண்டப்படுவது கழுவுதல் மட்டுமே. தொற்றுநீக்கல் குறிப்பிட்ட சில வேளைகளுக்கு உரியது. கழுவாத பொருளுக்குத் தொற்றுநீக்கல் செய்வதாற் பெரும் பயனில்லை. அழுக்குப் படலம் கிருமிகளுக்குப் போர்வையாக அமைந்துவிடும். மருந்தின் வலிமையையும் அழுக்கே உறிஞ்சிக் குறைத்துவிடும். ஆதலின் எந்த நிலையிலும் கழுவுதல் முந்தியது, தொற்றுநீக்கல் பிந்தியது.

சவர்க்காரத்தின் ஆற்றலைச் சிலர் குறைத்து மதிப்பிடுகின்றனர். சவர்க்காரத்தின் மிக நுண்ணிய துணிக்கை ஒவ்வொன்றும் இரு முனைகளை உடையது. ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயையும் கொழுப்பையும் நாடும். எண்ணெயை நாடும் முனைகள் அழுக்கைச் சூழ்ந்து பற்றிக்கொள்ள, நீரை நாடும் முனைகள் அதனை நீரோடு இழுத்துச் செல்கின்றன. சில வைரசுகளுக்கு வெளியே கொழுப்பாலான உறையொன்று உண்டு. சவர்க்காரம் அவ்வுறையையே குலைத்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றது. கொழுப்புறை இல்லாத கிருமிகள் இவ்வாறு குலையாவிடினும், தேய்த்தலாலும் ஓடும் நீராலும் பெரும்பாலும் அகற்றப்படுகின்றன. ஒரு துண்டு சவர்க்காரமும் ஒரு வாளி நல்ல நீரும் சிறு தூரிகையும் தாயொருத்தியின் கையில் இருக்குமாயின், அவளுடைய வேலையின் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

இனி, கழுவும் முறையைப் படிப்படியாகக் காணலாம். முதலிற் பொருளைப் பரிசோதித்தல் வேண்டும். வெடிப்பு, உடைந்த விளிம்பு, உரியும் வர்ணம், கழன்று விழக்கூடிய கண் அல்லது பொத்தான் ஆகியவை உள்ளனவா என்று பார்த்து, இருப்பின் அப்பொருளை நீக்கிவிட வேண்டும். வெடிப்பினுள்ளே புகுந்த அழுக்கை எந்தத் தூரிகையும் எட்டாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான பொருள்களில் உள்ள சிறு உறுப்புகளை அளக்க, 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையொன்றைச் சோதனைச்சாலைகள் பயன்படுத்துகின்றன. அவ்வுருளைக்குள் முழுவதும் அடங்கும் உறுப்பு குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. கழுவும் நேரமே இதனைக் கவனிப்பதற்கும் ஏற்ற நேரமாகும்.

அடுத்து, கழுவுபவர் தம் கைகளைச் சவர்க்காரமிட்டு 20 செக்கனுக்குக் குறையாமல் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கழுவாத கை கழுவிய பொம்மையை மறுபடியும் அழுக்காக்கும். பின்னர் இளஞ்சூடான நீரிற் சவர்க்காரத்தைக் கரைத்துப் பொருளை அமிழ்த்தி, மூலைகளையும் மடிப்புகளையும் மெல்லிய தூரிகையால் தேய்த்தல் வேண்டும். பிறகு சவர்க்காரத்தின் வழுவழுப்பு முற்றாக நீங்கும்வரை நல்ல நீரில் அலசுதல் வேண்டும். கடைசியாக, தூய துவாயின்மீதோ தட்டின்மீதோ பரப்பி முழுமையாக உலரவிட வேண்டும். உலர்த்துதலை அற்பமாக எண்ணலாகாது. ஈரம் உள்ளவிடத்தே கிருமியும் பூஞ்சணமும் பெருகும். அரைகுறையாகக் காய்ந்த பொம்மைகளை மூடிய பெட்டிக்குள் அடைத்து வைப்பது, கழுவிய பயனைக் கழுவிய அன்றே இழப்பதாகும்.

எல்லாப் பொருள்களையும் ஒரே விதமாகக் கழுவ இயலாது. வன்மையான பிளாஸ்ரிக்கினாலும் சிலிக்கோனினாலும் செய்யப்பட்டவை மேற்கூறிய முறைக்கு நன்கு இசைவன. மரத்தாற் செய்தவற்றை நீரில் ஊறவிடலாகாது. ஊறிய மரம் உப்பி வெடிக்கும். அவ்வெடிப்புகள் அழுக்குக்கு இருப்பிடமாகும். சவர்க்கார நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் மரப்பொம்மையைத் துடைத்து, மீண்டும் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்துதல் முறை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இன்றும் காணப்படும் பனையோலைக் கிலுகிலுப்பை அழகும் எளிமையும் வாய்ந்தது. ஆயினும் ஓலைப் பின்னலின் இடுக்குகளைக் கழுவித் தூய்மையாக்குதல் அரிது. அதனைத் தூசு தட்டி வெயிலிற் காயவைத்துக் கொடுக்கலாம். ஓலை கருத்தாலோ நார் பிரிந்தாலோ தயங்காமல் எறிந்துவிட்டுப் புதிதொன்றைப் பின்னிக் கொடுப்பதே நன்று.

துணிப்பொம்மைகள் தூசையும் எச்சிலையும் தம்முள்ளே வாங்கிக்கொள்வன. சவர்க்காரமிட்டுத் துவைக்கத்தக்கவற்றைத் துவைத்து, உட்பஞ்சு வரை காயும்படி நல்ல வெயிலில் இடுதல் வேண்டும். மாரிகாலத்தில் இஃது எளிதன்று. ஆதலின் மாரிகாலத்திற்கு முன்னரே துணிப்பொம்மைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒன்றிரண்டை மாத்திரம் புழக்கத்தில் வைத்திருத்தல் அறிவுடைமை. இழுப்பு நோயுள்ள குழந்தை இருக்கும் வீட்டிலே, துணிக்குள் வாழும் தூசுச் சிற்றுண்ணிகளையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரிற் துவைத்தால் அவை இறக்கும். வெந்நீர் தாங்காத பொம்மையைப் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து, பின்னர்த் துவைத்து உலர்த்தலாம்.

பற்றரியால் இயங்கும் பொருள்களுக்குத் தனிக் கவனம் தேவை. பற்றரியை அகற்றிய பின்னரே ஈரத்துணியாற் துடைத்தல் வேண்டும், நீரில் அமிழ்த்தலாகாது. துடைத்து முடிந்ததும் பற்றரி அறையின் மூடி திருகாணியால் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கின்றதா என்று இருமுறை பார்த்தல் வேண்டும். பொத்தான் வடிவான சிறு பற்றரி குழந்தையின் உணவுக்குழாயிற் சிக்குமாயின், இரண்டு மணித்தியாலங்களுக்குள்ளேயே கடுமையான எரிகாயத்தை உண்டாக்கவல்லது. அத்தகைய ஐயம் எழுந்தால் வீட்டு வைத்தியம் எதனையும் செய்து பாராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

குளிக்கும்போது விளையாடுவதற்கென்று கொடுக்கப்படும் இறப்பர் வாத்துகளும் மீன்களும் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. அமுக்கினால் நீரைப் பீச்சும் வண்ணம் அவற்றின் அடியிற் சிறு துளையொன்று இருக்கும். அத்துளை வழியே உட்சென்ற நீர் முழுவதும் வெளியே வருவதில்லை. சுவிற்சர்லாந்தின் நீரியல் ஆராய்ச்சி நிலையத்தினரும் அமெரிக்க இலினோய் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து இத்தகைய பொம்மைகளை வெட்டி ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். உட்சுவர்களில் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் வழுவழுப்பான படலமாக அடர்ந்து வளர்ந்திருந்தன. அக்கிருமிகளுக்கு உணவாக அமைந்தவற்றுள் பொம்மையின் பிளாஸ்ரிக்கிலிருந்து கசியும் பொருள்களும், குளிப்பவரின் உடலிலிருந்தும் சவர்க்காரத்திலிருந்தும் வரும் அழுக்கும் அடங்கும். வெளிப்புறத்தை எவ்வளவு தேய்த்தாலும் உட்புறத்தை எட்ட முடியாது. ஆகவே துளையில்லாத பொருளை வாங்குவதே சிறந்தது. துளையுள்ளது ஏற்கெனவே வீட்டில் இருப்பின், ஒவ்வொரு முறையும் நீரைப் பிழிந்து உதறி உலரவிட வேண்டும். பீச்சும் நீரிற் கருந்துகள்கள் தோன்றினால் அது குப்பைக்கு உரியது.

இதுவரை கூறப்பட்டது கழுவுதலைப் பற்றியது. தொற்றுநீக்கல் எப்பொழுது தேவைப்படும் என்பது அடுத்த வினா. வீட்டில் எவருக்கேனும் வயிற்றோட்டம், வாந்தி, கை கால் வாய் நோய், கடுஞ் சளிக்காய்ச்சல் முதலியவை வந்தபோது ஒன்று. நோயுற்ற வேறொரு குழந்தை அதே பொருளை வாயில் வைத்து விளையாடியபோது மற்றொன்று. மலம், வாந்தி, இரத்தம் ஆகியவை பட்டபோது இன்னொன்று. வெள்ளநீரில் தோய்ந்தபோது பிறிதொன்று. குறைமாதத்திற் பிறந்த குழந்தையும், நோயெதிர்க்கும் ஆற்றல் குறைந்த குழந்தையும் உள்ள வீட்டார் வைத்தியரின் ஆலோசனைப்படி இன்னும் கூடிய கவனம் எடுத்தல் வேண்டும். பிறந்தது முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரையான சிசுவின் சூப்பி போன்றவற்றையும் அவ்வப்போது கொதிநீரில் இடுதல் நலம்.

குழந்தைகளின் வயிற்றோட்டத்திற்கு முக்கிய காரணமான உரோற்றா வைரசை மெல்போண் நகரில் உரூத் பிசொப் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1973ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். உலர்ந்த மேற்பரப்பிலும் பல நாள் உயிர்ப்போடு கிடக்கக்கூடிய வைரசு அது. அதற்கும், கை கால் வாய் நோயை உண்டாக்கும் வைரசுகளுக்கும், நோரோ வைரசுக்கும் வெளிப்புறக் கொழுப்புறை கிடையாது. ஆதலினாலே, கைக்குப் பூசும் அற்ககோல் திரவத்தைப் பொம்மைமீது தடவியவுடன் இவையெல்லாம் அழிந்துவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. இவற்றுக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று வெப்பம், மற்றொன்று அளவோடு கலந்த குளோரின்.

வெப்பமே வீட்டிற்கு மிகவும் உகந்தது. சிலிக்கோன் கடிவளையம், சூப்பி முதலியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின், பாத்திரத்தில் நீரினுள் முழுவதும் மூழ்கும்படி இட்டு, நீர் நன்கு கொதிக்கத் தொடங்கியது முதல் 5 நிமிடம் கொதிக்கவிடல் போதுமானது. இம்முறையில் எந்த மருந்தின் எச்சமும் ஒட்டுவதில்லை. ஆயினும் செய்தவர் தந்த குறிப்பை முதலிற் பார்த்தல் வேண்டும். மெல்லிய பிளாஸ்ரிக் கொதிநீரில் உருமாறிப்போகும். உள்ளே திரவம் நிரப்பிய கடிவளையத்தை ஒருபோதும் கொதிக்கவிடலாகாது. கொதிநீர்ப் பாத்திரம் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பிடி உட்பக்கம் திரும்பியிருக்கும்படி இருத்தல் வேண்டும். கிருமிக்கு அஞ்சி எரிகாயத்தை வரவழைத்தல் பேதைமையாகும்.

கொதிக்கவைக்க இயலாத வன்பிளாஸ்ரிக் பொருள்களுக்குக் குளோரின் கரைசல் உதவும். குளோரினின் தொற்றுநீக்கும் ஆற்றல் புகழ்பெற்ற வரலாற்றை உடையது. வியன்னாப் பொது வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவொன்றில் 1847ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் 100 தாய்மாருள் 18 பேரளவில் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர். அங்கே பணிபுரிந்த இக்னாசு செம்மல்வைசு என்னும் வைத்தியர், மேமாத நடுப்பகுதி முதல், பிரேதப் பரிசோதனை செய்து வரும் வைத்தியர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவ வேண்டுமென்று விதித்தார். யூன் மாதத்தில் அவ்விறப்பு 100க்கு 2 அளவாகக் குறைந்தது. இலங்கையிலும் வெள்ளத்திற்குப் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்கு இடுவது இதே குளோரினைத்தான்.

ஆனால் அதே குளோரினுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1915ஆம் ஆண்டு ஏப்பிரில் 22ஆந் திகதி, முதலாம் உலகப் போரில், பெல்சியத்தின் ஈப்பர் நகரருகே படைவீரர்மீது நச்சுவாயுவாக ஏவப்பட்டதும் அதுவே. இதனை இங்கே கூறுவதற்குக் காரணமுண்டு. வெளிற்றுத் திரவமென்றும் பிளீச் என்றும் கடைகளில் விற்கப்படும் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலோடு வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, மலசலகூடம் கழுவும் அமிலம் ஆகியவற்றுள் எதனைக் கலந்தாலும் அதே வாயு வீட்டுக்குள்ளே எழும். அமோனியா கலந்த திரவத்தைச் சேர்த்தால் குளோரமீன் என்னும் வேறொரு நச்சுவாயு உண்டாகும். இரண்டு மருந்தைக் கலந்தால் வலிமை இரட்டிப்பாகும் என்று எண்ணுவோர் இதனை ஒருபோதும் மறக்கலாகாது.

இது வெறும் அச்சுறுத்தலன்று. கொரோனாத் தொற்று பரவத் தொடங்கிய 2020ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், சுத்திகரிப்புப் பொருள்களாலும் தொற்றுநீக்கிகளாலும் நேர்ந்த பாதிப்புப் பற்றி அமெரிக்க நஞ்சுத் தகவல் நிலையங்களுக்கு வந்த அழைப்புகள், முந்திய ஆண்டின் அதே காலப்பகுதியைவிட ஏறத்தாழ 100க்கு 20 வீதம் கூடியிருந்தன. அந்நாட்டின் நோய்த்தடுப்பு நிலையத்தினர் அப்போது வெளியிட்ட அறிக்கையிலே இரு நிகழ்ச்சிகள் கூறப்பட்டன. காய்கனிகளைக் கிருமியின்றிக் கழுவ விரும்பிய பெண்ணொருத்தி வெளிற்றுத் திரவத்தையும் வினாகிரியையும் வெந்நீரையும் ஒன்றாகக் கலந்தாள். எழுந்த வாயுவினால் மூச்சுத்திணறி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். மற்றொரு வீட்டிற் பாலர் பாடசாலை வயதுக் குழந்தையொன்று சமையலறையில் இருந்த கைத்தொற்றுநீக்கித் திரவத்தைக் குடித்து நினைவிழந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டனர். இருவரின் வீட்டிலும் அத்திரவங்கள் வந்து சேர்ந்தது நல்ல எண்ணத்தினாலேயே.

ஆகவே குளோரினைக் கையாளும் முறை திட்டமாகத் தெரிந்திருத்தல் வேண்டும். போத்தலின் மேலொட்டியில் அளவு கூறப்பட்டிருந்தால் அதுவே முதன்மையானது. அது கூறப்படாதவிடத்து, வாசனை சேர்க்காத, 100க்கு 5 பங்கு செறிவுள்ள வெளிற்றுத் திரவத்தில் 4 தேக்கரண்டியை, அதாவது 20 மில்லிலீற்றரை, ஒரு லீற்றர் குளிர்ந்த நீரிற் கலத்தல் வேண்டும். இன்னொரு முறை கூறின், ஒரு லீற்றர் நீருக்கு 4 தேக்கரண்டி. கழுவி அலசிய பொருளை அதில் 5 நிமிடம் நனைந்திருக்கவிட்டு, எடுத்து, ஓடும் நீரில் நன்றாக அலசிக் காற்றில் உலர்த்த வேண்டும். குழந்தை மீண்டும் வாயில் வைக்கும் பொருளாதலால் இறுதி அலசலை ஒருபோதும் தவிர்க்கலாகாது. கதவும் சாளரமும் திறந்திருக்க வேண்டும். கைக்கு இறப்பர் உறை அணிதல் நன்று. வெந்நீரிற் கலக்கலாகாது. கலந்த கரைசலை மறுநாளுக்கு வைத்திருத்தலும் பயனற்றது. ஒரு நாளுக்குள் அதன் வலிமை குன்றிவிடும். வெப்பமும் வெளிச்சமும் மூலத் திரவத்தையும் கெடுப்பனவாதலின், சிறிய போத்தலாக வாங்கி இருளான, குளிர்ந்த இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும். மரம், நிறத்துணி, உலோகம் ஆகியவற்றுக்கு இக்கரைசல் பொருந்தாது.

எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வெளிற்றுத் திரவத்தையோ வேறெந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையோ சோடாப் போத்தலிலும் குடிநீர்ப் போத்தலிலும் ஊற்றி வைக்கலாகாது. மண்ணெண்ணெயை அவ்வாறு வைத்து, தாகத்தோடு வந்த பிள்ளை அதனை எடுத்துக் குடித்த துயரம் இந்நாட்டுக்குப் புதிதன்று. தற்செயலாகக் குழந்தை அருந்திவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது. உட்சென்றபோது தொண்டையைச் சுட்ட திரவம் வெளிவரும்போதும் சுடும். வாயை நீரால் அலசி, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 1990 என்னும் இலக்கத்திற் சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழைக்கலாம். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையமும் இயங்கி வருகின்றது.

வெள்ளம் புகுந்த வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளநீர் மலக்குழியையும் கால்நடைத் தொழுவத்தையும் கடந்து வருவது. அதில் நனைந்த துணிப்பொம்மைகளையும், உள்ளீடான பொம்மைகளையும், மரப்பொருள்களையும் மீட்க முயலாமல் நீக்கிவிடுவதே பாதுகாப்பு. வன்பிளாஸ்ரிக் பொருள்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக் குளோரின் கரைசலில் இட்டு எடுக்கலாம். கிணற்றுநீர் தூய்மையானதென்று உறுதிப்படும்வரை, இறுதி அலசலுக்குக் கொதித்தாறிய நீரையே பயன்படுத்துதல் வேண்டும். அவ்வேளையிற் குழந்தை தன் அன்பான பொம்மையைக் கேட்டு அழுமாயின், தாயின் மனம் இளகுதல் இயல்பே. எனினும் பழைய துணியில் ஒரு புதிய பொம்மையைத் தைத்துக் கொடுத்தல், இழந்ததை நனைந்தபடி கொடுப்பதினும் மேலான அன்பாகும்.

இவற்றையெல்லாம் கேட்கும் தாயொருத்தி, வீட்டு வேலைகளுக்கிடையே இதற்கு நேரம் ஏது என்று வினவலாம். ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்டால் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். குழந்தை வாயில் வைத்த பொருள்களைப் போடுவதற்கென்று தனிக்கூடையொன்றை மூலையில் வைத்து, மாலையில் அவற்றை மட்டும் கழுவிப் பரப்பிவிடலாம். மற்றவற்றைக் கிழமைக்கு ஒருமுறை கழுவலாம். அழுக்குப்பட்டது எதுவோ அதனை அப்பொழுதே கழுவுதல் வேண்டும். பொம்மைகள் அனைத்தையும் ஒரே நாளிற் பரப்பாமல் நாலைந்தாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் கழுவும் வேலையும் குறையும். குழந்தைக்கும் புதுமை தோன்றும். இப்பணி தாய்க்கு மட்டும் உரியதென்று விதியில்லை. தகப்பன் செய்யலாம், அப்பாச்சியும் அம்மம்மாவும் செய்யலாம். பள்ளி செல்லும் தமையனும் தமக்கையும் சவர்க்கார நீரிற் கழுவும் வேலையை மகிழ்ச்சியோடு ஏற்பர். குளோரின் கலக்கும் வேலையை மட்டும் வளர்ந்தவர்கள் தம் கையிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

பாலர் பாடசாலைகளிலும் பிள்ளை பராமரிப்பு நிலையங்களிலும் ஒரு பொருள் பல வாய்களுக்குச் செல்வதால், அங்கே ஒழுங்கு இன்னுங் கடுமையாயிருத்தல் அவசியம். ஒரு பிள்ளை வாயில் வைத்த பொருளை அடுத்த பிள்ளை எடுக்குமுன் அகற்றிவிட வேண்டும். கழுவவியலாத துணிப்பொம்மைகளைப் பொதுவிற் பயன்படுத்தாதிருத்தல் நன்று. அங்கே பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் கட்டணத்தை விசாரிப்பது போலவே, விளையாட்டுப் பொருள்களைக் கழுவும் முறையையும் விசாரித்தல் தகும்.

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926ஆம் ஆண்டிற் களுத்துறையிலே தொடங்கப்பட்டது. அன்று முதல் விரிந்து வளர்ந்த சேவையின் பயனாக, குடும்பநல மருத்துவமாது இன்று ஊர்தோறும் வீடுதேடி வருகின்றார். குழந்தையின் நிறையையும் தடுப்பூசியையும் பற்றிப் பேசும் அதே வேளையில், அதன் கையிலிருக்கும் கிலுகிலுப்பையைக் காட்டி, இதை எவ்வாறு கழுவுவது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விளம்பரத்தைவிட அவர் கூறும் சொல் நம்பத்தக்கது.

கிருமியே இல்லாத வீடு உலகில் இல்லை. அத்தகைய வீடு குழந்தைக்குத் தேவையுமில்லை. மண்ணிலே தவழ்ந்து, பொருள்களைத் தொட்டுச் சுவைத்து, விழுந்து எழுந்தே பிள்ளை வளர்தல் வேண்டும். அந்த வளர்ச்சிக்கு இடையூறு நேராத அளவு தூய்மையே வேண்டப்படுவது. நாள்தோறும் சவர்க்காரமும் நீரும். நோய் வந்த வேளையிற் கொதிநீர். அதுவும் இயலாதவிடத்து அளந்து கலந்து, அலசி முடித்த குளோரின். எந்நாளும் பூட்டி வைத்த மருந்துப் போத்தல். இவ்வளவும் உள்ள வீட்டிலே, தன் கையிலுள்ள கிலுகிலுப்பையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கும் குழந்தையைக் கண்டு பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை; கூடச் சேர்ந்து சிரிக்கலாம்.